நான் மன்னிக்காத உபவேந்தர்

உன் மகன் எழுந்து போய் ஒரு மணித்தியாலம் ஆகிறது. அவன் இருந்த கதிரையில் உன் அத்தர் மணம் இன்னும் போகவில்லை. அதே மணத்தோடுதான் அந்த நாட்களில் நீ பல்கலைக்கழகத்தில் உபவேந்தர் அறைக்குள் நுழைவாய். உன் எழுதுவினைஞனான நான் எழுந்து நிற்பேன்.

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, புத்தளத்தில் பாலாவிப் பக்கம் அடுத்தடுத்த ஓலைக் கொட்டில்களில் கிடந்தவர்கள் நாம். நீ உபவேந்தரான அன்று முகாம் சனமெல்லாம் பள்ளிவாசலில் கூடி உனக்காகத் துஆக் கேட்டது. நானும் அழுதேன், மடையன்.

பிறகு அந்த விரிவுரையாளர் நேர்முகப் பரீட்சை வந்தது. முதலாவதாக வந்தவள் பள்ளிவாசல்துறை மீன்பிடிக்காரர் ஒருவரின் மகள். அமைச்சரின் ஆள் நான்காவது. "புள்ளிய மாத்தி அடி மச்சான், நான் இருக்கன்தானே" என்றாய். தட்டச்சில் மாற்றி அடித்தேன். நீ கையெழுத்து வைத்தாய்.

அவள் வழக்குப் போட்டாள். விசாரணைக் குழுவின் முன் நீ என் முகத்தைப் பார்க்காமலே, "கிளாக்கர் செஞ்ச பிழை, நான் வாசிக்காம ஒப்பம் வெச்சிட்டன்" என்றாய். என் வேலை போனது. மகளுக்குப் பேசிய கலியாணம் முறிந்தது. உனக்காவது ஏதும் மிஞ்சியதா? ஒப்பம் உன்னுடையது என்று குழு உன்னையும் விடவில்லை; அமைச்சர் உன் அழைப்பை எடுக்கவே இல்லை. பதவியும் வாகனமும் போய், ஒரு பையோடு நீ புத்தளம் பஸ்ஸில் வந்து இறங்கியதைக் கண்டேன். நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். அதன்பிறகு மூன்று வருடம் ஒரே தெருவில் இருந்தோம். நீ ஒருதரம்கூட என்னிடம் வரவில்லை.

நீ இறந்தபோது, உன் ஜனாஸாத் தொழுகைக்கு முன் மௌலவி வழக்கம்போலக் கேட்டார்: "மௌத்தானவரால ஆருக்கும் மனவருத்தம் இருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க." நின்றவர்கள் எல்லோரும் "மன்னிச்சிட்டம்" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற உன் மகன் அதைக் கவனித்திருக்கிறான்.

இன்று உன் நினைவாக ஓதும் வருஷக் கத்தத்துக்கு அழைக்க வந்தவன், போகிறபோது தலையைக் குனிந்துகொண்டு, "வாப்பாவ மன்னிச்சிட்டீங்கதானே சாச்சா?" என்று கேட்டான்.

"ஓம் மகன்" என்றேன். பொய்தான். அவன் முகம் தெளிந்துவிட்டது.

நேர்முகத்தில் முதலாவதாக வந்த அந்தப் பிள்ளை இப்போது கற்பிட்டியில் தனியார் வகுப்பு நடத்துகிறாள். வழக்கு முடிவதற்குள் வேலைக்கான வயதெல்லை கடந்துவிட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. உன்னை மன்னித்துவிட்டால், நாம் இரண்டு பேரும் அவளுக்குச் செய்ததை நான் தனியாகச் சுமக்க வேண்டிவரும்.