மாடியிலிருந்து இறங்கிய கூடை

என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்ட நண்பனுக்கு,

உங்கள் இஸ்லாமிய இயக்கத்தின் ஆட்சி கவிழ்ந்தபோது தெருவுக்கே பஸ்பூசா இனிப்பு வாங்கிக் கொடுத்தவன்தான் எழுதுகிறேன்.

உன்னையும் தலைவர்களையும் சிறையில் அடைத்தாயிற்று, இனிக் கெய்ரோ தெருவில் உங்களுக்காக ஈ காக்கை இருக்காது என்றிருந்தேன். நேற்று வெள்ளித் தொழுகை முடிந்ததும் ஒவ்வொரு பள்ளிவாசலிலிருந்தும் ஓர் ஊர்வலம் கிளம்பி, நம் தெருவில் ஒரே வெள்ளமாகச் சேர்ந்தது. முன்வரிசையில் உன் மனைவி ருகையா. கண்ணீர்ப்புகைக் குண்டு விழுந்தது, ஒருவர்கூடக் கலையவில்லையடா!

காய்கறி வாங்கக் கயிற்றில் விடும் கூடையில், புகை எரிச்சல் தணிய முகர்ந்துகொள்ள வெங்காயம் வெட்டிப்போட்டு இறக்கினேன்.

"என்னண்ணே, இன்னிக்கு பஸ்பூசா இல்லையா?" என்று சிரித்தாள் ருகையா. கூடை மேலே வந்தபோது அதில் உன் படம்.

என் கொள்கை மாறவில்லை. பால்கனியில் தொங்கும் உன் படத்தைக் கழற்றச் சொல்லிக் கீழே போலீஸ் கத்துகிறது. எனக்கென்னவோ காது கேட்கவில்லை.

இப்படிக்கு,
மாடிவீட்டு எதிர்க்கட்சி