வளைவில் நின்ற கிளைகள்

1987 ஜனவரி 11, ஞாயிறு

இன்றும் மீன் இல்லை. உறைந்த ஏரியில் கையால் சுற்றித் துளை போட்டதில் தோள்பட்டை விட்டுப்போச்சு. மிதக்கும் பனித்தூளை ஜல்லிக்கரண்டியால் அள்ளி அள்ளிப் போட்டதுதான் மிச்சம். அறுபது வருஷம் ஒரே ஏரியில் ட்ரவுட் மீன் பிடித்தவள் நான். என் வீட்டுக்காரர் அர்மாஸ் போன பிறகு வீட்டை விற்றுவிட்டு, மகன் ரெய்யோ என்னை இந்த மூன்றுதீவு ஏரிக்கு இழுத்து வந்துவிட்டான். இதில் எந்தப் பக்கம் ஆழம், எந்தப் பக்கம் பாறை என்று எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறாள். பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். மருமகள் சிர்க்காவைப் பெற்றவள், என் சம்பந்தி ஹில்யா. ஆனால் அவளிடம் நான் கேட்கமாட்டேன்.

மாதா கோயிலில் ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது எல்லார் முன்னாலும் கேட்டாள்: "என்ன சம்பந்தி, மீனுக்கு அழைப்பு அனுப்பிட்டு உட்கார்ந்திருக்கீங்களா? இந்த ஏரி மீன் அடியில படுத்துக் கிடக்காது. துரத்தும். தூண்டிலை நிறுத்தாம மேலே இழுக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். ரெய்யோவும் சிரித்தான்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், ரெய்யோ கல்யாணத்தன்று நான் வைத்த மீன் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "பாத்திரம் கழுவின தண்ணியில மீன் எப்படி வந்துச்சு?" என்று கேட்டவள் இவள். பச்சைக் கரை போட்ட சட்டை போட்டிருந்தாள். இடதுகையில் கரண்டி. எனக்கு எதுவும் மறக்காது.

ஜனவரி 13

நூல் கையிலேயே உறைந்துபோகும் குளிர். மீன் இல்லை.

ஜனவரி 17, சனி

பிடித்துவிட்டேன்!

மூன்றாம் தீவைத் தாண்டி நடந்தேன். அங்கே ஸ்ப்ரூஸ் மரக் கிளைகள் பனிக்கட்டியில் வரிசையாக நட்டு நின்றன. எங்கள் பழைய ஏரியில் கிளை நட்டால், இது என் துளை, இங்கே உட்காராதே என்று அர்த்தம். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஆளுக்கு இத்தனை துளையா? ஏரியையே வளைத்துப் போட்டுவிட்டாளா இந்த ஹில்யா? கோடரியை எடுத்து, வரிசை வளைகிற இடத்தில் மூன்று கிளைகளை அடியோடு வெட்டினேன். காலுக்கு அடியில் மெத்தை மாதிரி பரப்பி, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். துளைத்த இடத்தில் பனிக்கட்டி ஒரு முழங்கை ஆழம் இருந்தது, அதனால் பயமில்லை.

தூண்டிலில் மாட்டின வெள்ளைத் தகடு அடியைத் தொட்டதும் மேலே இழுத்தேன். நிறுத்தாமல் இழுத்தேன் (அவள் சொன்னபடிதான் — எழுதவே கூசுகிறது). பாதி வழியில் கை அப்படியே கீழே போனது. என்ன இழுப்பு! மீன் மேலே வந்தது, என் கை நீளம். அறுத்துப் பார்த்தால் சதை பூசணிப்பழ நிறம். எங்கள் ஏரி மீன் வெளுத்துக் கிடக்கும்.

வேண்டுமென்றே ஹில்யாவின் ஜன்னலுக்கு முன்னால் மீனை இழுத்து வந்தேன். கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"அடேங்கப்பா! எங்க பிடிச்சீங்க சம்பந்தி?"

"ஏரியில."

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். அந்தக் கிளைகளுக்குப் பக்கத்தில் துளை எதுவும் இல்லை. பழைய துளை மூடிய தடம்கூட இல்லை. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன்.

ஜனவரி 20, செவ்வாய்

ஹில்யா ஏரியில் விழுந்துவிட்டாள்.

உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் காற்று பனியை வாரி அடித்தது. ஏரியின் அந்தக் கோடியிலிருந்து பனிவண்டியில் திரும்பிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தீவுப் பக்கம் பனிக்கட்டி உடைந்து வண்டியோடு உள்ளே போய்விட்டாள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த இரண்டு ஆணிகளைப் பனிக்கட்டியில் குத்திக் குத்தி மேலே ஏறி, உருண்டே கரைப்பக்கம் வந்திருக்கிறாள். சத்தம் கேட்டு ரெய்யோ ஓடினான். அவளுக்கு எழுபத்திரண்டு வயசு.

அடுப்பங்கரையில் நின்றுகொண்டு ரெய்யோ சொன்னான்: "அந்தத் தீவுக்கு அந்தப் பக்கம் அடியில நீரோட்டம்மா. எவ்வளவு குளிர் அடிச்சாலும் அங்க கெட்டியாகாது. அத்தை வருஷா வருஷம் கிளை நட்டு வழி காட்டுவாங்க. கிளையைப் பிடிச்சே வளைஞ்சு வரணும். இந்தத் தடவை வளைவில ஒண்ணுகூட இல்லை. எதிர்ல தெரிஞ்ச கிளையைப் பார்த்து நேரா வந்துட்டாங்க."

நான் சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தேன். அடிப்பிடித்தது.

ஜனவரி 21

ஹில்யாவுக்கு வலதுகையில் இரண்டு விரல் கறுத்திருக்கிறது. மற்றபடி பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து காபி கேட்டாள். சிர்க்கா தாயைப் பிடித்துக்கொண்டாள்.

"வளைவில நீ கிளை நடலைம்மா."

"நட்டேன்டி. புது வருஷம் பிறந்த மறுநாளே நட்டேன்."

"நட்டா எங்க போச்சு? துளை போட்டு, தண்ணி ஊத்தி, நீ நடுற கிளை சிமெண்ட் மாதிரி நிக்கும். காத்துக்கு விழுமா? நீயே சொல்லு."

ஹில்யா யோசித்தாள். "விழாது" என்றாள்.

"அப்போ?"

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். ஒரே ஒரு வார்த்தைதானே. என்ன கேடு எனக்கு? எங்கள் ஊர் வழக்கம் வேறே, தெரியாமல் செஞ்சேன்னு சொன்னா முடிஞ்சது. கெர்த்து, உன்னையே கேக்கறேன், தெரியாமலா செஞ்சே? துளை இல்லைங்கறதைப் பார்த்தே இல்லே?

ஜனவரி 24, சனி

சிர்க்கா தன் தாயின் தூண்டில், கடப்பாறை, துளைக்கருவி எல்லாவற்றையும் எங்கள் கொட்டகையில் கொண்டுவந்து பூட்டிவிட்டாள். "மறதி வந்துடுச்சு அத்தை. இனிமே அவங்களை ஏரிக்கு விடமுடியாது. தண்டர்பே டவுன்ல நம்ம பின்லாந்து ஆளுங்க முதியோர் இல்லம் ஒண்ணு இருக்கு. பேசிட்டிருக்கேன்" என்றாள்.

சாவி என்னிடம் இருக்கிறது. என்னை நம்பித்தான் கொடுத்தாள்.

மத்தியானம் ஹில்யாவே வந்தாள். கையில் கட்டு. என்னை நேராகப் பார்க்காமல் கேட்டாள்:

"சம்பந்தி, உங்களுக்கு ஒண்ணும் மறக்காதுன்னு ஊரே சொல்லுது. நீங்க அந்தப் பக்கம் போனப்போ வளைவில கிளை இருந்துச்சா? யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு நட்ட மாதிரியே இருக்கு. கையில அந்தப் பிசின் வாசனைகூட ஞாபகம் இருக்கு. ஆனா அது போன வருஷமா இருக்குமோ என்னவோ."

"நான் கவனிக்கலை" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். தொப்பியை மறந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். எல்லாரும் தொப்பியை மறப்பதுதான். ஆனால் சிர்க்கா அதைப் பார்த்து அழுதாள்.

ஜனவரி 27

பாதி மீன் இன்னும் உறைபெட்டியில் கிடக்கிறது. எடுக்கக் கை வரவில்லை.

ஜனவரி 31, சனி

இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது.

ஹில்யா வீட்டில் சானா நீராவி அறையைச் சூடுபண்ணியிருந்தார்கள். அவளால் கையை நனைக்க முடியாது, அதனால் நான்தான் முதுகு தேய்த்துவிட்டேன். எலும்பும் தோலுமாக இருக்கிறாள். பழைய ஹில்யா என்றால் "மெல்லத் தேய்ங்க சம்பந்தி, இது என்ன மீன் செதிலா?" என்று கேட்டிருப்பாள். இன்று முதுகைக் குனிந்து காட்டினாள். அப்புறம் கேட்டாள்:

"கல்யாணத்தன்னைக்கு உங்க சூப்பைப் பத்தி நான் ஏதோ சொன்னேனாம். அதனாலதான் இத்தனை வருஷமா என்கூட முகம் கொடுத்துப் பேசமாட்டேங்கறீங்கன்னு சிர்க்கா சொல்றா. நிஜமாவா?"

"ஆமா."

"எனக்கு ஞாபகமே இல்லை சம்பந்தி. துளிகூட இல்லை." சூடான அடுப்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினாள். ஆவி எங்கள் இருவரையும் மறைத்தது. "அப்படின்னா அப்பவே ஆரம்பிச்சிருக்கு, பாருங்க."

பதினொரு வருஷம் நான் சுமந்த கோபத்தை எடுத்து, தன் வியாதிக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டாள். அவளுக்கு வியாதியே இல்லை! வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பனியில் வெறுங்காலோடு நின்றேன். கால் வலித்ததும் உள்ளே போனேன், அவ்வளவுதான். சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை இல்லத்திலிருந்து ஆள் வந்து பார்க்கிறார்களாம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை வெளிச்சம் வந்ததும் கொட்டகையைத் திறந்தேன். மண்வாரியையும் கடப்பாறையையும் எடுத்துக்கொண்டு ஹில்யா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"பூட்ஸைப் போடுங்க. ஏரிக்குப் போகணும்."

"சிர்க்கா என்னை விடமாட்டா."

"நான் கூட்டிட்டுப் போறேன். ஏன்னு கேக்காதீங்க, வாங்க."

வழியெல்லாம் ஒவ்வொரு அடிக்கும் கடப்பாறையால் குத்திப் பார்த்துக்கொண்டே நான் முன்னால் போனேன். பின்னாலிருந்து, "இடது பக்கம், இன்னும் இடது, அங்க பாறை இருக்கு" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தாள். மறதிக்காரியாம்!

வளைவுக்கு வந்ததும் பனியை வாரத் தொடங்கினேன். மேலே புதுப்பனி, அடியில் கெட்டிப்பனி. மூச்சு வாங்கியது. கடைசியில் தெரிந்தது — பனிக்கட்டியில் உறைந்து நிற்கும் ஸ்ப்ரூஸ் கட்டை, கட்டைவிரல் பருமன், மேலே கோடரி வெட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

ஹில்யா மண்டியிட்டாள். கையுறையைக் கழற்றி வெட்டின இடத்தைத் தடவினாள். முகர்ந்தாள்.

"நட்டிருக்கேன்" என்றாள். "நட்டிருக்கேன். நட்டிருக்கேன் பாருங்க."

"ஆமா."

"யார் வெட்டினது?"

"நான்."

எழுந்திருக்கக் கை கொடுத்தேன், வாங்கவில்லை. கடப்பாறையை என்னிடமிருந்து பிடுங்கி அதை ஊன்றி எழுந்தாள். அடிப்பாளோ என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத்தனை நாளா என் மூஞ்சியைப் பார்த்துட்டு இருந்தியே. முதுகு தேய்ச்சுவிட்டியே. கேட்டேனே உன்னை!" இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னை 'நீ' என்றாள். "நல்லாக் கேட்டுக்கோ கெர்த்து. சாகற வரைக்கும் இதை மறக்கமாட்டேன்."

மண்வாரியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது அவள் முன்னால் போனாள், நான் அவள் காலடித் தடத்திலேயே காலை வைத்து வந்தேன். சிர்க்காவிடமும் ரெய்யோவிடமும் நானே சொன்னேன். சிர்க்கா கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ரெய்யோ, "சூப்புக்காகவா அம்மா?" என்றான்.

இல்லத்திலிருந்து வந்தவர்களை ஹில்யாவே வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டு அனுப்பிவிட்டாள்.

பிப்ரவரி 8

சிர்க்கா என்னிடம் பேசுவதில்லை. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்று கோயில் காபிக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். போனேன்.

ஹில்யா நடு மேஜையில் உட்கார்ந்து என் கதையை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். நான் மீனை இழுத்துக்கொண்டு போன கிழமை, அன்று நான் போட்டிருந்த சிவப்புத் தொப்பி, அதில் இடது காதுப் பக்கம் இருந்த ஓட்டை, மீனின் வாலில் இருந்த வடு, நான் "ஏரியில" என்று சொன்னபோது மூக்கைத் தூக்கினது — ஒன்று விடவில்லை. மூக்கைத் தூக்கினதை நடித்தும் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும். நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் காபி ஆறிவிட்டது.

ஒரே ஒரு இடத்தில்தான் பிசகினாள். நான்கு கிளைகளை வெட்டினேன் என்றாள். மூன்றுதான். மேலே அன்றைக்கே எழுதியிருக்கிறேன். திருத்தலாமா என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நிஜமாகவே அவளுக்கு ஞாபகம் தடுமாறுகிறதோ?

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. மண்வாரியை எடுத்துக்கொண்டு ஏரிக்கு நடந்தேன். வளைவில் புதுக் கிளைகள் நெருக்கமாக நின்றன. முழுக்கக் கட்டின கையை வைத்துக்கொண்டு எப்படித்தான் நட்டாளோ. கிளைகளுக்கு இந்தப் பக்கமே நின்று பனியை வாரினேன். முதல் கட்டை, இரண்டாவது, மூன்றாவது. இன்னும் கொஞ்சம் தள்ளி வாரினேன்.

நாலாவதும் இருந்தது, அதே கோடரி வெட்டோடு. எனக்குத்தான் மறந்துபோயிருக்கிறது.

நாளைக் காலையில் அவளிடம் போய்ச் சொல்லவேண்டும்.