வெடிப்புக்கு உள்ளே

அன்புள்ள அப்பா,

நீங்க போனபிறகு வந்த முதல் பெருமழை இது. உங்களை அடக்கம் பண்ணின இடத்துக்கு மேலே, தேயிலைக்குள்ள, நிலம் வெடிச்சிருக்கு.

முதல்ல பார்த்தது தம்பி ரவிதான். விரல் நுழையற அளவுக்குத்தான் இருந்தது. நான் போய்ப் பார்த்தப்போ அது நேரா ஓடலை. உங்க தலைமாட்டுக்கு மேலே வளைஞ்சு, நம்ம லயத்து வீட்டு வரிசையோட ரெண்டு பக்கமும் இறங்கி, ரோட்டோரத்துல முடிஞ்சது. வகுப்புல நான் கரும்பலகையில போடற அதே உருவம்: மேலே வில், கீழே ரோடு நாண். நடுவுல நம்ம வீடு, அம்மா, நீங்க.

மண்சரிவு பார்க்கிற அதிகாரி வந்து பார்த்தாரு. "தண்ணி உள்ள இறங்காம பொலித்தீன் போட்டு மூடணும். எவ்வளவு வேணும்னு சொல்லுங்க டீச்சர்"னாரு.

நானும் ரவியும் டேப்பைப் பிடிச்சோம். வெடிப்போட வளைவுல ரெண்டு இடத்துல நாண் மாதிரி கயிறு கட்டி, ஒவ்வொண்ணோட நடுவுலயிருந்தும் செங்குத்தாக் கோடு இறக்கினோம். ரெண்டும் ரோட்டுக்குக் கீழே, மாரியம்மன் கோயில் முற்றத்துல சந்திச்சது. அதுதான் மையம். அங்கிருந்து வெடிப்பு வரைக்கும் ஆரை நாற்பத்திரண்டு மீட்டர், கோணம் நூற்றிருபது பாகை. அந்த விசிறி வடிவ ஆரைச்சிறையோட பரப்பு, முழு வட்டத்துல மூணுல ஒரு பங்கு: ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு சதுர மீட்டர். அதுல ரோட்டுக்குக் கீழே வர்ற முக்கோணத்தைக் கழிச்சேன். மிச்சத் துண்டம் ஆயிரத்து எண்பத்துநாலு. ரவி கொட்டகலை டவுனுக்குப் போய், அங்க முஸ்லிம் நானா கடையில பொலித்தீன் வாங்கி வந்தான்.

அம்மாவைக் கிளம்பச் சொன்னேன். "அவரை இங்க தனியா விட்டுட்டு நான் எங்கடி போறது?"ன்னு அடுப்பை ஊதிக்கிட்டே கேட்டாங்க.

மழை விடலை. மறுபடி போய்ப் பார்த்தப்போ வெடிப்புக்குள்ள என் கால் போச்சு. நுனி ரெண்டும் ரோட்டைத் தாண்டி, கோயில் முற்றம் வரைக்கும் இறங்கியிருந்தது. கோணம் நூற்றெண்பது. அரைவட்டம். நான் வேண்டாம்னு கழிச்ச முக்கோணம் முழுசா உள்ள வந்துடுச்சு. அந்த முக்கோணத்துலதான், கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க குழந்தைகளை விட்டுட்டுப் போற பிள்ளை மடுவம் இருக்கு.

மடுவத்து ஆயா நம்ம அம்மாதானே. ஓடிப் போய்ச் சொன்னேன்.

"பிள்ளைகளும் உள்ளயா?"

"ஆமாம்மா."

அம்மா நேரா மடுவத்துக்கு ஓடினாங்க. இடுப்புல ஒண்ணு, தோள்ல ஒண்ணு தூக்கிக்கிட்டு, மழையிலேயே பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தாங்க. அவங்க போறதைப் பார்த்து லயமே பின்னால கிளம்பிச்சு.

இப்ப எல்லாரும் பள்ளிக்கூட மண்டபத்துல இருக்கோம். மலை இன்னும் இறங்கலை. ரெண்டு நாளா வெயில் வேற. "ஒண்ணும் ஆகலையே டீச்சர், உங்க கணக்கு பொய்யா? வீட்டுக்குப் போறோம்"னு ஆளாளுக்குக் கேட்கறாங்க. எந்த அளவு இடம் போகும்னுதான் என்னால சொல்ல முடியும். எப்போன்னு எந்தச் சூத்திரம் சொல்லும்?

இன்னைக்குக் காலையில தூர நின்னு பார்த்தேன். நேத்து நேரா நின்ன சவுக்கு மரங்க எல்லாம் ரோட்டுப் பக்கம் சாஞ்சிருக்கு. வெயிலடிச்சும் ஊத்துத் தண்ணி சேறாத்தான் வருது. வெடிப்புக்கு உள்ளே ஒரு குருவிகூட இல்லை.

அது இறங்கும்போது முதல்ல தெரியப்போறது உங்களுக்குத்தான் அப்பா. அங்க நீங்க மட்டும்தான் இருப்பீங்க. யார் திட்டினாலும் சரி, வழியை மறிச்சு நின்னாவது, ஒருத்தரையும் மேலே ஏற விடமாட்டேன். அம்மாவையும்தான்.

உங்களை மேலேயே விட்டுட்டு வந்த
உங்க மூத்த மக