பாலித் தீவு மலையும் என் கஞ்சிப் பானையும்

கஜா பெராங், மலாக்கா
20-6-1963

சௌபாக்கியவதி அன்னபூரணிக்கு ஆசிகள். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே சில நாட்களாக அந்தி வானம் ரத்தமாய்ச் சிவக்கிறது. பாலித் தீவில் எரிமலை வெடித்ததைப் பத்திரிகையில் படித்தேன். பூமிக்கடியில் உருகிய பாறைக்குள் அடைபட்ட ஆவி, வழி கிடைத்ததும் பீறிட்டுச் சாம்பலை வானத்தில் ஏற்றுகிறது. சிவப்புக்கு அந்தத் தூசிதான் காரணம். நான் சமைத்துப் போடும் கடைச் சிப்பந்திகளோ அம்மன் கோபம் என்கிறார்கள். கேட்கவே குமட்டுகிறது.

“கரண்டி பிடிக்கிறவருக்கு மலையைப் பத்தி என்னண்ணே தெரியும்?” என்று அவர்களில் ஒருவனான விநாயகம் இளித்தான்.

“பாருடா” என்று கஞ்சிப் பானையை மூடி, மேலே அம்மிக்குழவியை வைத்துத் தீயைத் தூண்டினேன். மூடி பறந்தது. கஞ்சி, அந்தப் பக்கம் வந்த முதலாளியின் வேட்டியில் விழுந்தது. என் மணிக்கட்டில் சிறு கொப்புளம்தான், பயப்படாதே.

இதுவும் அம்மன் கோபமாம்! கோயிலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால்தான் கடை அடுப்பைத் தொடலாமாம். சீ! மாட்டேன் என்றுவிட்டேன். பத்து நாளாகப் பின்கட்டில் தனியாகப் பொங்கித் தின்கிறேன். யாரும் பேசுவதில்லை.

சுண்டைக்காய் வற்றல் அனுப்பு. கடிதத்தைக் கொஞ்சம் நீளமாக எழுது. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. மன்னிப்புக் கேளுங்கள் என்று மட்டும் எழுதிவிடாதே. நீ சொன்னால் கேட்டுத் தொலைப்பேன்.

முத்தையா