பம்மல் அக்காவின் வலது முழங்கால்

அக்கா,

இன்று காலை மாடம்பாக்கத்து வீட்டில், பால் காய்ச்சும் பாத்திரத்தில் ஆட்டத்தில் பல்லுக்குக் கவசமாகப் போடும் ஒரு மவுத் கார்டைக் கொதிக்க வைத்தேன். எங்கள் அணிக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்ணுடையது. அவள் பக்கத்தில் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தாள். என் கணவர் எட்டிப் பார்த்து, "என்ன, செருப்பை வேக வெக்கிறியா?" என்றார். சுடு ரப்பர் வாசனை வீடு முழுக்கப் பரவியிருந்தது. அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, இளகிய மவுத் கார்டை எடுத்து அவள் பல்லில் பொருத்தி, "கடி, உறிஞ்சு, விடாதே" என்றேன். சொன்ன பிறகுதான் அது உன் குரலின் ஏற்ற இறக்கம் என்று தெரிந்தது.

அந்த வாசனை எனக்கு முதலில் அறிமுகமானது பம்மலில், உன் வீட்டு அடுப்படியில். அதைச் சொல்வதற்கு முன் நாம் சந்தித்ததைச் சொல்ல வேண்டும். உனக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் எழுதிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

தாம்பரத்தில் ரக்பி ஆடுகிறேன் என்று சொன்னால் அன்றைக்கு யாருக்கும் புரியாது. "அந்த முட்டைப் பந்தா?" என்பார்கள். என் அப்பா கணக்கு வாத்தியார். "கபடி ஆடேன், அடிபட்டாலும் நம்ம ஆட்டத்துல பட்டதா இருக்கும்" என்பார். நான் எங்கள் கல்லூரித் தோழிகள் சிலரோடு சேர்ந்து ஒரு சிறிய அணியில் ஆடிக்கொண்டிருந்தேன். பம்மல் அணியோடு முதல் ஆட்டம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த செம்மண் மைதானத்தில் நடந்தது.

நீ அன்று என்னைத் தாண்டி ஓடினாய். திரும்பவும் ஓடினாய். ஒவ்வொரு முறையும் நான் காற்றைத்தான் கட்டிப்பிடித்தேன். எங்கள் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்த பிறகும் நீ ஆரவாரம் எதுவும் செய்யவில்லை. எழுந்து, கால்சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டு, உன் இடத்துக்கு நடந்து போனாய். உன் தோழிகள் கட்டிப்பிடிக்க வந்தபோது, பந்தை உனக்குக் கொடுத்தவளைக் காட்டி அவள் பக்கம் அவர்களைத் தள்ளிவிட்டாய்.

ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த அணி இரண்டு வரிசையாக நின்று, தோற்றவர்கள் நடுவே நடந்து போகும்போது கை தட்ட வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் வழக்கம். நான் தலையைக் குனிந்தபடி நடந்தேன். வரிசையின் கடைசியில் நின்ற நீ என் தோளைத் தொட்டு நிறுத்தினாய்.

"நீ என் கண்ணையே பாத்துகினு கீற. கண்ணு நாலு பக்கம் போவும், நம்பாத. இடுப்பப் பாரு. இடுப்பு போற பக்கம்தான் ஆளு போவ முடியும்."

"ஏன்க்கா எனக்குச் சொல்றீங்க? அடுத்த வாட்டி உங்களப் பிடிச்சிட்டா?"

"புடி. அப்பதான் நான் இன்னும் வேகமா ஓடுவேன்."

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போதுதான் என் தோழி சொன்னாள், நீ இந்தியாவுக்கு ஆடியவள் என்று. நீ சொல்லவில்லை. உன் அணிக்காரிகளும் சொல்லவில்லை. ஆட்டம் தொடங்கும் முன் மைதானத்தின் ஓரத்தில் கொடிக் குச்சிகளை நட்டுக்கொண்டிருந்தவள் நீ என்பது மட்டும் எனக்கு நினைவிருந்தது.

அதற்குப் பிறகு நான் எதிரே வருகிற எல்லோருடைய இடுப்பையும் பார்த்தேன். பயிற்சியில், ஆட்டத்தில், ஏன், தாம்பரம் ரயில் நிலையக் கூட்டத்தில்கூட. பல மாதம் ஆயிற்று பழக. எங்கள் இரண்டு அணிகளும் அடிக்கடி மோதின. ஆட்டம் முடிந்ததும் சேர்ந்து டீக்கடை வாசலில் நின்று பன் தின்றோம். "நீங்க" மெல்ல மெல்ல "நீ" ஆனது. உன் கண்ணை நம்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். ஆனாலும் உன்னைப் பிடிக்க முடியவில்லை. நீ சொன்னபடியே இன்னும் வேகமாக ஓடினாய்.

மாநிலத் தேர்வு ஆட்டத்தன்று பிடித்தேன்.

ஓரத்தில் பந்தல் போட்டுத் தேர்வாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இந்திய முகாமுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், உன் பெயர் எப்படியும் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உன் அண்ணன் தன் பெல்ட் பட்டறையை மூடிவிட்டு வந்து கோட்டருகே நின்றிருந்தார். ஆட்டம் முடிகிற நேரம். இரண்டு அணியும் சமநிலை. நீ ஓரக் கோட்டை ஒட்டிப் பந்தோடு வந்தாய். உன் கண் உள்பக்கம் போனது. இடுப்பு வெளிப்பக்கம் திரும்பியது. நான் வெளிப்பக்கம் பாய்ந்து, தோளை உன் தொடையில் கொடுத்து, இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தேன். நீ விழுந்தாய். உன் பாதம் மண்ணில் ஊன்றி நின்றுவிட, முழங்கால் மட்டும் திரும்பியது. ஈரத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். அது என் காதுக்கு மிக அருகில் கேட்டது.

விழுந்தவள் பந்தை விட்டுவிட வேண்டும் என்பது விதி. நீ அந்த வலியிலும் கையை நீட்டிப் பந்தை உன் அணிப் பக்கமாக வைத்துவிட்டு, அதன் பிறகுதான் முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டாய்.

நடுவர் விசில் ஊதினார். உன் அணிக்காரிகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். உன் அண்ணன் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடி வந்தார். "இன்னாம்மா இது? காலை ஒடைக்கத்தான் வந்தியா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நடுவரின் கை சட்டைப் பைக்குப் போயிருந்தது. என்னை வெளியேற்றும் கார்டை எடுக்கலாமா என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது.

நீ மண்ணிலிருந்து முகத்தைத் தூக்கினாய்.

"சார், கிளீன் டேக்கிள் சார். அவ சரியாத்தான் புடிச்சா. நான்தான் கால ஊனிட்டேன்." பிறகு உன் அண்ணனிடம், "அண்ணா, வெளில போ. ஆட்டம் நடந்துகினு கீது."

நடுவர் கையை வெளியே எடுத்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ இல்லாத உன் அணி கடைசி நிமிடத்தில் சிதறியது. நாங்கள் ஜெயித்தோம்.

முழங்கால் மூட்டின் லிகமெண்ட் கிழிந்துவிட்டது, ஆபரேஷன் வேண்டும், இனி பழைய வேகம் வருவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த வாரமே எனக்குப் போன் வந்தது. முகாமில் ஓர் இடம் காலி, நீ வா என்றார்கள். யாருடைய இடம் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஆரஞ்சுப் பழப் பையோடு உன் வீட்டுக்கு வந்தேன். கீழே பட்டறை, மேலே வீடு. பெல்ட் தைக்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த உன் அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நீ கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய். உன் அம்மாவும் என் அம்மாவும் அரிசி விலை பேச உள்ளே போனதும், நான் முகாமுக்குப் போகப் போவதில்லை என்றேன்.

நீ கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நீ போவாங்காட்டி என் காலு ஒட்டிக்குமா?"

நான் பையிலிருந்த பழங்களை எடுத்து வைக்கத் தொடங்கினேன்.

"சொல்லுடி. ஒட்டிக்கும்னா போவாத. நானே வேணாம்னு சொல்றேன். இல்லன்னா எதுக்கு இந்தப் பேஜாரு? நான் ஒருத்தி வூட்ல ஒக்காந்துகினு கீறது போதாதா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. "மவுத் கார்டு வச்சிருக்கியா?" என்று கேட்டாய். கடையில் வாங்கிய சாதாரணமானதைக் காட்டினேன். உதட்டைச் சுழித்தாய். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு நொண்டி நொண்டி வந்து, உனக்காக வாங்கி வைத்திருந்த புதியதைப் பிரித்துக் கொதிநீரில் போட்டாய். என் தாடையைப் பிடித்து அதைப் பொருத்தியபடியே முகாமைப் பற்றிச் சொன்னாய். வாய் அடைத்திருந்ததால் என்னால் குறுக்கே பேச முடியவில்லை. அதற்காகத்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாயோ என்று பிற்பாடு நினைத்தேன்.

"மொத நாளு பந்து மூட்டைய யாரு தூக்குறாங்கன்னு பாரு. புதுசா வந்தவங்க இல்ல. கேப்டனுதான் தூக்குவா. பெரிய ஆளுங்க அப்படித்தான். நீ அவளுக்கு முன்னால போயி தூக்கு. முடியலன்னா கூடவாவது ஒரு கை புடி."

நீ சொன்னபடியே இருந்தது. உலகம் சுற்றி ஆடி வந்த அந்தக் கேப்டன், பயிற்சி முடிந்ததும் எல்லோரும் கழற்றிப் போட்ட வியர்வைப் பனியன்களைத் தானே அள்ளிக்கொண்டு போய் அலசினாள். நான் போய்க் கூட நின்றேன். ஊர் கேட்டாள். சென்னை என்றதும் உன் பெயரைச் சொல்லி, கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். எதிரே ஆடியது நான்தான் என்று சொன்னேன். பனியனைப் பிழிந்துகொண்டே, "தெரியும். நீ நன்றாகப் பிடிப்பாய் என்று போன் செய்து சொல்லியிருக்கிறாள்" என்றாள் இந்தியில்.

உன் இடத்தை நான் நிரப்பவில்லை, அக்கா. இந்திய அணியோடு ஒரே ஒரு பயணம்; அதிலும் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரியாக வெளியே உட்கார்ந்திருந்தேன். ஒரே ஆட்டத்தில் கடைசிச் சில நிமிடங்கள் இறக்கினார்கள். தோற்றோம். திரும்பி வந்து உன்னிடம் அப்படியே சொன்னேன். "கை தட்டினாங்களா அவங்க?" என்று கேட்டாய். தட்டினார்கள் என்றேன். "நிமிந்து நடந்தியா?" நடந்தேன் என்றேன். "அது போதும்" என்று டீ போடப் போனாய்.

உன் ஓட்டம் திரும்பவில்லை. நீ விசிலை எடுத்துக்கொண்டாய். குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் என்று எங்கே பெண்கள் ஆட்டம் நடந்தாலும் நீதான் நடுவர். வலது காலைச் சற்று இழுத்தபடி ஓடுவாய். என்னை எத்தனையோ தடவை தண்டித்திருக்கிறாய்; ஒரு தடவைகூடத் தவறாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு முடிவு சொன்னதும், ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் அப்பா எழுந்து நின்று கத்தினார். "ஏம்மா ரெஃப்ரி, ஓடவே முடியல உன்னால. நீ என்னிக்காவது இந்த ஆட்டத்த ஆடியிருக்கியா?"

நீ திரும்பி, "கத்துகினு கீறேன் சார்" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாய்.

இடைவேளையில் நான் அவரிடம் போகக் கிளம்பினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"எங்க போற?"

"நீ யாருன்னு சொல்லிட்டு வரேன்."

"வுடு. அவரு அவரு பொண்ணப் பாக்க வந்திருக்காரு. என்னையா பாக்க வந்தாரு?"

போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னை எடுத்துக்கொண்டது. டெங்கு என்றார்கள். அந்த வாரம் சனிக்கிழமை நீ விசில் ஊதுவதாக இருந்த ஆட்டம் மழையால் தள்ளிப்போனது. நாங்கள் உன் வீட்டுக்கு வந்தோம். பம்மலின் அந்தச் சந்து குறுகலானது. எல்லா அணிப் பெண்களும் வந்திருந்தார்கள். இடம் போதாமல் சுவரோரமாக ஒதுங்கி நின்றோம். யாரும் சொல்லாமலேயே அது இரண்டு வரிசையாக அமைந்துவிட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் நடுவே போனார்கள். சிலருடைய கை பழக்கத்தில் நெஞ்சு வரை எழுந்தது. கை தட்டும் இடமல்ல அது. உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. நீ கடைசி ஆளையும் தாண்டிப் போகும் வரை ஒருவரும் இறக்கவில்லை.

அடக்கம் முடித்து வந்த உன் அண்ணன் என்னிடம் வந்தார். அந்தத் தேர்வு ஆட்டத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசியதே இல்லை.

"உன்மேல ரொம்ப நாளு கோவமா இருந்தேம்மா," என்றார். "அவகிட்ட எத்தினியோ வாட்டி சொல்லியிருக்கேன், அந்தப் பொண்ணாலதான்னு. ஒவ்வொரு வாட்டியும் சோத்துத் தட்ட வச்சிட்டு எழுந்து போயிடுவா. அப்புறம் நான் சொல்றத வுட்டுட்டேன்." கொஞ்சம் நின்று, "டீ குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்தேன்.

தவறு செய்யாதவளையும் வாழ்நாள் முழுக்க அரிக்கக்கூடிய பழி ஒன்று என்மேல் ஏற இருந்தது. மண்ணில் கிடந்தபடியே, உன் வலியைச் சொல்லும் முன்பே, அதை நீ தள்ளிவிட்டாய். உன் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலும் தள்ளிக்கொண்டே இருந்தாய் என்று அன்றுதான் தெரிந்தது. மைதானத்தில் நல்லபடி நடந்துகொள்கிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். யாரும் பார்க்காத அடுப்படியிலும் ஆட்டத்தை அப்படியே ஆடியவள் நீ.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அணிப் பெண் ஒருத்தி அடிபட்டு விழுந்தாள். தோள்பட்டை இறங்கிவிட்டது, நாள் ஆகும், ஆனால் சரியாகிவிடும். அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினேன். எதிரணியில் அவளைப் பிடித்து வீழ்த்திய பெண் மைதானத்தின் மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் யாரும் இல்லை. பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. நான் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்து நகர்ந்துகொண்டாள்.

"சாப்டியா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள்.

"எழுந்திரு. ரெண்டு டீமும் டீக்கடையில உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு."