வற்றாப்பளையில் நான் மாப்பிள்ளையான கதை

அன்புள்ள அண்ணா,

துணுக்காய் வாழ் பொதுமக்களுக்கும் கனடா வாழ் லக்ஷன் அவர்களுக்கும் இத்தால் அறியத்தருவது, எங்கள் சிவப்புக் கோழி அடைக்குக் கிடக்கத் தொடங்கிவிட்டது. மற்றப்படி எல்லோரும் சுகம், உங்கள் சுகத்தை அம்மாளாச்சி பார்த்துக்கொள்வா என்று அம்மா சொல்ல எழுதுவது தம்பி சுஜிதன். உங்களுக்கு முறுக்குச் சுடப்போய் அம்மா கையையும் சுட்டுக்கொண்டார். முழு முறுக்கெல்லாம் உங்களுக்கு, உடைந்தது எனக்கு, இந்த வீட்டுச் சட்டம் நீங்கள் போன பிறகும் மாறவில்லை. குளிருக்குத் தலையை மூடச் சொல்லு என்கிறார். நான் மழையில் நனைந்து வந்தால் முதலில் சைக்கிளைத் துடைக்கச் சொல்வார், அது உங்கள் சைக்கிளாம்.

இனி நடந்ததை என் வாயாலேயே எழுதவேண்டுமென்பது அம்மாவின் தண்டனை. உங்களுக்குக் கலியாணம் பேசியிருக்கும் அனோஜா அக்கா வீட்டாரை வற்றாப்பளை அம்மன் பொங்கலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்திக்க ஏற்பாடு, சரிவராவிட்டால் கோயிலுக்குத்தானே போனோம் என்று விடலாம். அம்மா அவர்களுக்குக் கொடுத்திருந்தது நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்துப் படம். அந்த முகம் இப்போது என்னிடம் இருக்கிறது. அம்மா அர்ச்சனை வரிசையில் நிற்க, அக்காவின் மாமா ஐயாத்துரை என் கையைப் பிடித்து, "தம்பி, கனடாவால எப்ப வந்தனீங்கள்?" என்றார். அதற்கு முந்தின கிழமைதான் தொலைக்காட்சியில் பழைய படமொன்று பார்த்திருந்தோம், காரோட்டியை முதலாளி என்று நம்பிப் பெண் வீட்டார் விழுந்து விழுந்து கவனிப்பார்கள். "நேற்றுத்தான் மாமா" என்றேன். கதிரை வந்தது, சோடா வந்தது, விசிறிவிட ஆள் வந்தது. உங்களுக்கு எப்போதும் கிடைக்கும் மரியாதையை ஒருநாள் நானும் உடுத்திப் பார்த்தேன். கனடாப் பனியை நான் அளந்த அளப்பில் மாமாவுக்கே நடுக்கம். அனோஜா அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தா, பார்த்தீர்களா என் கெட்டித்தனத்தை.

அதற்குள் அம்மா வந்து என் காதைப் பிடித்ததும் எல்லாம் குலைந்தது. "எங்களை வைச்சு விளையாடுறியளோ" என்று மாமா எழும்பிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடிதமும் முறுக்கும் கிடைத்த உடனே நீங்களே மாமாவுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்கவேண்டுமாம், மறக்கவேண்டாமாம். என் ராசா நோய்நொடியில்லாமல் நல்லாயிருக்கவேண்டும் என்று அம்மா வாழ்த்துகிறார்.

இப்படிக்கு,
அன்பு அம்மா இரஞ்சிதம்
(சுட்ட கைக்குப் பதில் சுஜிதன் கை)

பி.கு. இது அம்மா சொல்லாதது. அனோஜா அக்கா ஒரு நிமிடம்கூட ஏமாறவில்லை. போகும்போது என் காதுக்குள், "உங்கட அண்ணாவை முகநூலில பாத்திட்டன் தம்பி, அவருக்கு முன்தலை முடி கொட்டுண்டு போச்சுது. எண்டாலும் அவரைத்தான் பிடிச்சிருக்கு, மாமாவை நான் பாக்கிறன். நீங்கள் எத்தினையாம் வகுப்பு?" என்றா. பத்து என்றேன். அதுவும் குரல் உடைந்து.