மூன்றாம் அத்தியாயத்தில் மூழ்கிய வீடு

மச்சான்,

புதிய நாவலின் பிரதிகள் இன்று காலை கொழும்பிலிருந்து வந்தன. பெட்டியைப் பிரித்ததும் பசை வாசம் எழுந்தது. ஒரு பிரதியை உன்னிடம் நீட்டக் கை தன்னால் போயிற்று. என் புத்தகம் எது வந்தாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோவாய். "கருவாட்ட விட இது பரவாயில்ல" என்பாய். நடுவில் இரண்டு பக்கம் புரட்டி அலுமாரியின் மேல் வைத்துவிடுவாய். உன் வாசிப்பு அவ்வளவுதான் என்று நானும் நம்பியிருந்தேன்.

இந்தத் தொழிலில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். கொழும்பு மேடைகளில் காலநிலை நாவலாசிரியர் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்துவார்கள். நம் ஊர் குறிஞ்சிப்பிட்டிக்குத் திரும்பினால், கலியாணப் பந்தல் போடுகிறவர்கள் நாளைக்கு மழை வருமா என்று கேட்பார்கள். தெரியாது என்றால், "பொறகு என்னத்துக்கு எழுதுறீங்க?" என்பார்கள். மழை வராது என்று நான் வாய் தவறிச் சொன்னதை நம்பி உப்பளத்தில் குவித்த உப்பை மூடாமல் விட்ட ஒருவர், இன்றுவரை எனக்கு ஸலாம் சொல்வதில்லை.

நான்கு நாவல்களிலும் கடல் ஏறி வரும். நான்கிலும் முதலில் போவது உன் வீடு. என் மேசைக்கு நேரே ஜன்னலில் தெரிவது அதுதான், நான் என்ன செய்ய? யாரோ சொல்லக் கேட்டு, "ஒவ்வொரு முறையும் என்ட ஊட்டத்தான் கடலுக்குள்ள அனுப்புற. ஒன்ட ஊடு மட்டும் மெதக்குதா?" என்று சண்டைக்கு வருவாய்.

உன் மகளின் கலியாணப் பேச்சில்தான் வினை வந்தது. நம் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. கடலோரத்து அந்த வீட்டைத்தான் நீ கொடுப்பதாக இருந்தாய். மாப்பிள்ளையின் தாய் புத்தளத்தில் டீச்சர். இந்த மாவட்டத்தில் என் நாவலை முழுதாக வாசித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். உன் வீட்டுக்கு வந்து தேநீரைக் கையில் வாங்கியவர், "இந்த ஊடுதானே மூணாம் அத்தியாயத்துல கடலுக்குள்ள போறது?" என்று கேட்டாராம்.

நீ என்னைக் கூட்டிப்போக ஓடி வந்தாய். வாசலிலேயே காதைக் கடித்தாய். "எல்லாம் பொய்யெண்டு சொல்லு."

கதிரையில் உட்கார்ந்தேன். "நீங்க எழுதினது நடக்குமா, நடக்காதா?" என்று பரீட்சைக் கேள்வி போலக் கேட்டார் டீச்சர். திரைக்குப் பின்னால் உன் மகள் நின்றாள். நடக்கும் என்றால் அவள் கலியாணம் போகும். நடக்காது என்றால் நான் எழுதியதெல்லாம் போகும். நான் வாயைத் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய்.

"டீச்சர், நாளைக்கு மழ வருமா எண்டு கேட்டாலே முழிக்கிற ஆள் இவன். அம்பது வருஷத்துக்குப் பொறகு வாற கடலப் பத்தி இவன்ட்டயா கேக்குறீங்க?"

வீடே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். நிக்காஹ் நிச்சயமாயிற்று. என் பாதி ஆயுள் உழைப்பை ஒரு கோப்பைத் தேநீரில் கரைத்துவிட்டாயே என்று எனக்குக் கோபம். நிக்காஹ் விருந்தில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தும், உன் முகத்தைப் பார்க்காமல் இறைச்சியை மட்டும் பார்த்துச் சாப்பிட்டேன்.

நீ மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு வந்த சோளகக் காற்றில், கடல் உன் பின்வளவுத் தென்னைகளை எடுத்தது. பிறகு குசினிச் சுவரை எடுத்தது. நான் அப்போதே எழுதினேன் என்று சொல்ல வாய் எழவில்லை. எழுதியபடி நடந்ததற்காக இவ்வளவு வெட்கப்பட்டவன் வேறு யாரும் இருக்க மாட்டான். போன கிழமை உன் மகள் என்னைக் கூப்பிட்டாள். பிள்ளைகளோடு எங்கே போவாள் என்று நினைத்துக்கொண்டே போனேன். வாசலில் லொறி நின்றது. அவள் சட்டி பானைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க மகள் போறீங்க?"

"அநுராதபுர ரோட்டுப் பக்கம், மாமா. மேட்டுக் காணி, சின்னதா ஊடும் இரிக்கி. கலியாணம் முடிஞ்ச கையோட வாப்பா வாங்கி வெச்சாரு. 'ஒன்ட மாமாட புத்தகத்த முழுசா வாசிச்சிட்டேன் மகள், அவன் எழுதினது நடக்கும். ஆனா அவன்ட்ட சொல்லிப் போடாத, தலக்கனம் கூடிரும்' எண்டு சொன்னாரு."

லொறிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன், மச்சான். அழும்போதே சிரிப்பும் வந்தது. என் நாவல்களைப் பாராட்டியவர்கள் உண்டு, பரிசு தந்தவர்கள் உண்டு. வாசித்துவிட்டு இருந்த இடத்தை விட்டு அசைந்த ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. எழுதி என்ன கண்டாய் என்று கேட்கிறவர்களுக்குக் காட்ட இனி என்னிடம் மேட்டில் ஒரு வீடு இருக்கிறது. நீ பயந்ததும் நடந்துவிட்டது. தலைக்கனம் கூடிவிட்டது.